பெரிய குசினி உள்ள வீடு

கிளடிஸ் தனக்கென்று எதையும் கேட்டுப் பழகாதவள். இப்படியானவர்கள் எப்போதாவது ஒரு நாள் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டுவிட்டால் வீட்டிலுள்ளவர்கள் பதறிப்போவார்கள். தலைகால் தெரியாமல் ஓடித் திரிந்து, கேட்டதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கொண்டுவந்து குவிப்பார்கள். குவித்ததைத் துடைத்து அடுக்குவதும் கடைசியில் கேட்டவளின் வேலையாகிவிடும்.

அவள் கேட்டது ஒரு கற்படி. அதில் போய்க் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். படி இருந்தது குரோவேஷியா என்ற நாட்டில், ஸாடார் என்ற கடற்கரைப் பட்டினத்தில். அது கொஞ்சம் தூரம் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. விடியமுன் வோபர்னில் பஸ் ஏறிப் போய், படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டி, துடைத்து, உடுப்பு மாற்றி, கதிரையில் இருத்தி, கஞ்சி தீத்தி விடுவாள். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் இன்னொரு பெரியவர் இருப்பார். அவர் கணவர் றெமிஜியஸ். தொழிற்சாலை வேலையை முழங்காலோடு சேர்த்து முடித்துக்கொண்டு வந்தவர். அவருக்குத் தீத்தி விடத் தேவையில்லை, சமைத்துக் கோப்பையில் போட்டுக் கொடுத்தால் போதும். மீதி நேரம் முழுவதும் அவர் ரெலிபோனில் இருப்பார். இப்படியே இருபது வருசத்துக்கு மேலாகிவிட்டது. களைப்பு என்பது அவளுக்கு இப்போது வந்து போகிற ஒன்றல்ல, உடுப்புக்குள்ளேயே இருக்கிற ஒன்று.

அந்த முதியோர் இல்லத்து மண்டபத் தொலைக்காட்சியில் எந்த நேரமும் யாரோ உல்லாசப் பயணம் போய்க்கொண்டிருப்பார்கள். பார்ப்பவர்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது என்பதால் சத்தம் உச்சத்தில் இருக்கும். போன மாரியில் ஒரு காலை, குரோவேஷியக் கடற்கரையில் பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை என்று ஒரு இளம் பெட்டை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு ஓடினாள். பழைய கோட்டை மதிலில் ஏறி ஒரு சுற்று வா. தீவுக்குத் தீவு படகில் போ. நீர்வீழ்ச்சிக்குக் கீழே நில். பாறையிலிருந்து குதி. கேட்கக் கேட்கக் கிளடிஸுக்கு இடுப்புப் பக்கம் நாரி உளைந்தது. சனம் லீவு எடுத்துக்கொண்டு போய் இவ்வளவு வேலையா செய்யும் என்று நினைத்தாள்.

பிறகு அந்தப் படிகள் வந்தன. வெள்ளைக் கல்லில் அகலமாகக் கட்டி, கடலுக்குள் இறக்கி விட்டிருந்தார்கள். படிகளுக்கு அடியில் குழாய்கள் இருக்கின்றனவாம். அலை வந்து உள்ளே காற்றைத் தள்ள, தேவாலயத்து ஓர்கன் போல ஒரு சத்தம் வருகிறது. ராகம் ஒன்றும் இல்லை, நீளமாக ஒன்று, பிறகு இன்னொன்று. வாசிப்பதற்கு ஆளில்லை. படிகளில் இருந்த சனமும் ஒன்றும் செய்யவில்லை, ஓடித்திரிந்த அந்தப் பெட்டைகூட வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள். கிளடிஸ் கையில் கஞ்சிக் கரண்டி நடுவழியில் நின்றது. முன்னால் இருந்த கிழவர் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தார்.

அவள் மீன்பிடி ஊரான குருநகரில் பிறந்தவள். கடல் அவளுக்குப் புதினமில்லை. ஆனால் கடல் என்றால் அங்கே வேலை. வள்ளம் வந்ததும் ஓட வேண்டும், வலையில் பட்டதைத் தெரிந்தெடுக்க வேண்டும், வெட்டிக் கழுவிக் காயப்போட வேண்டும். அவளும் தங்கச்சி பேபியும் பள்ளிக்கூடச் சட்டையில் செதிலோடு போன நாட்கள் உண்டு. கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் சும்மா இருந்தால், அவளுக்கு என்ன வருத்தம் என்று கேட்பார்கள். அந்தக் காலத்தை நினைத்து அவள் ஒருநாளும் ஏங்கியதில்லை. கடல் தன் பாட்டில் வேலை செய்ய மனுசர் இருந்து கேட்கலாம் என்பதுதான் அவளுக்குப் புதினம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது ஒரே மகள் ஸ்டெபனி காரில் வைத்துக் கேட்டாள். நல்ல பிள்ளை. வங்கியில் வேலை, தாய் தகப்பனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் உள்ளவள்.

"அம்மா, சீரியஸ்லி, உங்களுக்கு எங்கையாவது போக வேணும் எண்டு ஆசை இருக்கா? எனிவேர்."

கிளடிஸ் படிகளைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஸ்டெபனி கார் ஓட்டியபடியே கண்ணைத் துடைத்தாள். இரண்டு கிழமைக்குள் மூன்று பேருக்கும் விமான ரிக்கெற் எடுத்தாகிவிட்டது. கடற்கரைக்குக் கிட்ட ஒரு சின்ன அறை, காலைச் சாப்பாடு அவர்களே தருவார்கள். இது வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

பிழை விட்டது றெமிஜியஸ். பிழை என்று அவரிடம் சொன்னால் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார். கனடாவில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு ஐரோப்பா முழுவதும் ஒரே ஊர். விமானம் அந்தப் பக்கம் இறங்கினால், அங்கே இருக்கிற சொந்தத்துக்குச் சொல்லாமல் வருவது பெரிய குற்றம், பத்து வருசம் போனாலும் செத்த வீட்டிலும் கல்யாண வீட்டிலும் சொல்லிக் காட்டுவார்கள். அவர் ஜேர்மனியில் இருக்கிற தம்பி கஸ்பருக்கு ரெலிபோன் எடுத்து, "உங்கடை பக்கம்தான்ரா வாறம்" என்று சொல்லிவிட்டார். உங்கள் பக்கம் என்றது ஒரு பேச்சுக்கு. இடையில் இரண்டு மூன்று நாடு கிடக்கிறது.

"அண்ணை, கார்லை ஒரு நாள் ஓட்டம்தானே! நாங்களும் வாறம்" என்றார் கஸ்பர்.

கஸ்பர் வந்தால் மனைவி எமில்டா வருவாள், பிள்ளைகள் வருவார்கள். கஸ்பருக்குச் சொல்லிவிட்டு சுவிஸில் இருக்கிற பேபிக்குச் சொல்லாமல் விடலாமா? பேபி, புருசன், இரண்டு பெடியன்கள். சின்ன அறை எப்படிக் காணும்? அதை விட்டுவிட்டு ஒரு வீடே எடுத்தார்கள்.

கிளடிஸ் அந்த நாட்களில் கறித்தூள் வறுத்துக்கொண்டிருந்தாள். அவள் கைத்தூள் என்றால் ஐரோப்பாவில் இருக்கிறவர்களுக்கு உயிர். கனடாவிலிருந்து வாறவள் தூள் இல்லாமல் வந்தால் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள். பயணத்துக்கு முந்திய சனிக்கிழமை, ஜன்னல்களைத் திறந்து, நெருப்பு அலாரத்துக்கு மேலே துவாய் கட்டி, மிளகாயும் மல்லியும் பதமாக வறுபட, மூக்கும் கண்ணும் வழிய நின்றாள். பின்னால் மேசையில் ஸ்டெபனி கணினியை வைத்து நாளுக்கு நாள் திட்டம் வாசித்துக்கொண்டிருந்தாள். திங்கள் நீர்வீழ்ச்சி. செவ்வாய் தீவு. புதன் பழைய அரண்மனை. வியாழன் இன்னொரு தீவு.

"அந்தப் படி எப்ப?" என்று கிளடிஸ் திரும்பாமல் கேட்டாள்.

"எந்தப் படி? ஓ, த சீ ஓர்கன்! அது வீட்டுக்குக் கிட்டத்தான் அம்மா. போற வழியிலை நிண்டு ஒரு குரூப் போட்டோ எடுப்பம். பத்து நிமிசம் காணும்."

றெமிஜியஸ் உள்ளே வந்தார். கையில் ரெலிபோன், முகமெல்லாம் சிரிப்பு.

"இஞ்சை பார் கிளடிஸ், கஸ்பர் வீட்டின்ரை படம் அனுப்பியிருக்கிறான். குசினியைப் பார், என்ன பெரிசு! நாலு அடுப்பு, பெரிய பிறிட்ஜ். உனக்கு இனிக் கவலையில்லை. எமில்டாவுக்கும் நாரிப்பிடிப்பு, அவளாலை நிக்க ஏலாது. நீ நிண்டு வசதியாச் சமைக்கலாம்."

கிளடிஸ் படத்தைப் பார்த்தாள். நல்ல குசினிதான். பளபளவென்று இருந்தது. அதன் ஜன்னலில் ஒரு துண்டு நீலம் தெரிந்தது, அதுதான் கடலாக இருக்க வேண்டும். அவள் திருகைத் திருப்பி அடுப்பை நூர்த்தாள்.

"நான் வரேல்லை" என்றாள்.

"என்னது?"

"நான் வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவர்கள் சமாதானப்படுத்தியிருப்பார்கள். ஸ்டெபனி அழுதாள், "அம்மா, திஸ் இஸ் ஃபோர் யூ! உங்களுக்காகத்தானே எல்லாம்!" என்றாள். றெமிஜியஸ் பிறஷர் பார்க்கிற மெசினைக் கொண்டுவந்து அவள் கையில் கட்டினார். பிறஷர் நல்லாயிருந்தது. சனம் என்ன சொல்லும் என்றார். சகோதரங்கள் என்ன நினைக்கும் என்றார். கிளடிஸ் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, அடுப்பை மறுபடி மூட்டி, மிச்ச மல்லியையும் வறுத்தாள். தூள் போய்ச் சேரத்தானே வேண்டும். சிவப்பு மூடிப் போத்திலில் அடைத்து, அவர்களுடைய பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவில் வைத்தாள். விமான நிலையத்துக்குப் போகிற காலைவரை அவள் மனம் மாறும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவள் ஊர் வீட்டுப் படலையில் நிற்பவள் போல லிஃப்ற் வாசலில் நின்று கை காட்டினாள்.

கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை என்று சொந்தக்காரருக்குச் சொல்லியிருந்தார்கள். அது நல்ல பொய்தான், ஆனால் ஒரு கரைச்சல் இருந்தது. லீவு எடுத்த கிளடிஸ் இனி வெளியே தலை காட்ட முடியாது. வேலை நேரத்தில் தமிழ்க் கடைப்பக்கம் போனால் யாராவது காண்பார்கள், கண்டது அன்றைக்கே ஜேர்மனிக்குப் போகும். கோயிலுக்குப் போகவும் பயம். ஆக, கிளடிஸ் தன் வாழ்க்கையின் முதல் விடுமுறையைத் தன் வீட்டுக்குள்ளேயே ஒளித்திருந்து கழித்தாள்.

முதல் இரண்டு நாளும் படுத்தாள். படுத்தாளே தவிர நித்திரை வரவில்லை. உடம்பு விடியமுன் எழும்பி, எங்கே பஸ் என்று கேட்டது. பாண் துண்டு தின்று தேத்தண்ணி குடித்தாள். சமைக்கவில்லை. யாருக்குச் சமைப்பது? கதிரையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கீழே வாகனங்கள் போவதைப் பார்த்தாள். சும்மா இருப்பதற்கும் பழக்கம் வேண்டும்போலத் தெரிந்தது. களைப்பு எங்கேயும் போகவில்லை, அவளோடு சேர்ந்து அதுவும் கதிரையில் வந்து இருந்தது.

ரெலிபோன் மட்டும் ஓயவில்லை. இறங்கிய அன்றே றெமிஜியஸ், "தூள் எந்தப் பெட்டியிலை?" என்று கேட்டார். பிறகு படங்கள் வந்தன. நீர்வீழ்ச்சியில் எல்லோரும். படகில் எல்லோரும். ஆனால் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அந்த நாட்டில் பார்க்க வேண்டிய ஒரே இடம் மீன் சந்தையாகத்தான் இருந்தது. குருநகர் ஆட்களுக்கு உயிர்மீனைக் கண்டால் மதிலாவது அரண்மனையாவது! காலையில் போய் சூடை, கணவாய், பெயர் தெரியாத வேறு மீன் என்று பெட்டி பெட்டியாகத் தூக்கி வந்தார்கள். பெட்டியைப் பிடித்தபடி இரண்டு பேரும் சிரிக்கிற படங்கள் மாத்திரம் ஏழெட்டு வந்தன. அந்த மீனை வெட்டுகிற படம் ஒன்றும் வரவில்லை.

கடைசி நாளுக்கு முதல் நாள், மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி, ஸ்டெபனி வீடியோவில் வந்தாள். அங்கே பின்னேரம்.

"அம்மா, லுக்! உங்கடை படி!"

படி தெரிந்தது. உடனே ஆடியது. கஸ்பரின் பிள்ளைகள் குறுக்கே ஓடினார்கள். காற்று இரைந்தது. றெமிஜியஸின் மூக்கு மட்டும் பெரிதாக வந்து, "நீ வந்திருக்கலாம் கிளடிஸ்" என்றது. ஓர்கன் சத்தம் கேட்கவேயில்லை. கிளடிஸ் எல்லோருடைய முகத்தையும் எண்ணிப் பார்ப்பவள் போலத் தேடினாள்.

"சித்தி எங்கை?"

"பேபிச் சித்தி வீட்டை. டின்னர் செய்யிறா. நாங்கள் இப்ப சன்செற் போட்டிலை போறம், வந்துதான் சாப்பிடுவம்."

"அவ படிக்கு வந்து பாத்தவவா?"

"நோ, நாங்கள் கூப்பிட்டனாங்கள். வரேல்லை. ஷீ லவ்ஸ் குக்கிங், அம்மா. உங்களை மாதிரித்தான்."

தொடர்பு அறுந்தது. பேபிக்கு சுவிஸில் என்ன வேலை என்று இந்தப் பிள்ளைக்குத் தெரியாதா? ஒரு சாப்பாட்டுக் கடையின் பின் குசினியில் சட்டி கழுவி, மரக்கறி வெட்டி, கையெல்லாம் வெடித்துப்போய் இருக்கிறவள். கிளடிஸுக்குக் கோபம் வந்தது. யாரில் என்று பிறகு யோசிக்கலாம் என்று பேபியின் இலக்கத்தை அமத்தினாள்.

"அக்கா! என்ன இந்த நேரம்? வேலை இல்லையோ?" பேபியின் குரலுக்குப் பின்னால் தண்ணீர்க்குழாய் ஓடியது.

"நீ என்ன செய்யிறாய்?"

"மீன் வெட்டுறன். இண்டைக்கும் ஒரு பெட்டி. குழம்புக்குக் கொஞ்சம், பொரியலுக்குக் கொஞ்சம்."

"வந்த நாளிலை இருந்து நீயோ சமைக்கிறாய்?"

"வேறை ஆர்? எமில்டாவுக்கு நாரி. உன்ரை மகளுக்குத் தேத்தண்ணி போடத் தெரியும்." பேபி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா, ஒண்டு சொன்னால் கோவிக்க மாட்டியே?"

"சொல்லு."

"நீ வருவாய் எண்டுதான் நான் வெளிக்கிட்டு வந்தனான். அக்கா வாறா, அவ குசினியைப் பாப்பா, நான் ஒரு கிழமை உன்ரை தங்கச்சியாக் கிடந்து எழும்பலாம் எண்டு. இவர் வேண்டாம் எண்டு சொன்னவர், நான்தான் நிண்டு பிடிச்சு வந்தன்." குழாயை மூடினாள். "என்ன செய்யிறது. உனக்கும் லீவு தரேல்லை, பாவம். நீயும் அங்கை மாடா அடிச்சுத்தான் வேலை செய்யிறாய்."

தான் இறக்கி வைத்த சுமையை நிலம் தாங்கிக்கொள்ளும் என்று கிளடிஸ் நினைத்திருந்தாள். அது தங்கச்சியின் தலையில் போய் ஏறியிருந்தது.

"பேபி, நான் வேலைக்குப் போகேல்லையடி."

"என்ன?"

"லீவு தந்தவை. நான்தான் வரேல்லை. அந்தக் குசினியின்ரை படத்தைப் பாத்தன், வர மனமில்லை. இஞ்சை வீட்டுக்குள்ளை கதிரையிலை இருக்கிறன்."

ஏசப்போகிறாள் என்று கிளடிஸ் காத்திருந்தாள். ஏசினால் நல்லது என்றும் இருந்தது.

"எனக்கு அந்தப் புத்தி வரேல்லை, பார்" என்றாள் பேபி கடைசியில். அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. அது கோபத்தைவிட மோசமாகக் குத்தியது.

"அடுப்பை நூர்."

"அக்கா..."

"நூரடி. கையைக் கழுவு. படி கிட்டத்தானாம், போ."

"மீன் பாதியிலை கிடக்கு. பழுதாப் போகும்."

"போகட்டும்."

குருநகர்ப் பெண் ஒருத்தியின் வாயிலிருந்து அந்தச் சொல் இதற்கு முன் வந்திருக்காது. மீன் பழுதாகட்டும் என்று அவர்கள் சொல்வதில்லை. காய்ச்சலோடும் கிடந்து வெட்டியிருக்கிறார்கள். பேபிக்கும் அது தெரியும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது, அடுப்பின் திருகு.

"ரெலிபோனை வையாதை" என்றாள் கிளடிஸ். "கொண்டு போ. நானும் வாறன்."

கதவு, தெரு, செருப்புச் சத்தம், யாரோ வேற்று மொழியில் கதைப்பது, காற்று. பிறகு "இஞ்சைதான்" என்றாள் பேபி. "நிறையச் சனம். இடம் இருக்கு." இருக்கும்போது முழங்கால் நொந்து ஒரு மூச்சு விட்டாள். ரெலிபோனைக் கல்லில் வைத்தாள்போல, ஏனென்றால் உடனே அது கேட்டது.

நீளமாக ஒன்று. நின்று, இன்னொன்று, அதைவிடத் தாழ்வாக. கரையில் அலை முட்டுகிற சத்தம். மறுபடி ஒன்று. தொலைக்காட்சியில் கேட்டதைப்போல அழகாக இல்லை, கரகரத்தது. கிளடிஸ் ஜன்னலோரக் கதிரையில் ரெலிபோனைக் காதோடு அமத்திப் பிடித்துக்கொண்டு அழுதாள். பேபிக்குக் கேட்காமல் அழுதாள்.

"பேபி?"

ஓர்கனுக்கு நடுவில் வேறொரு சத்தம், ஒழுங்காக ஏறி இறங்கியது. சின்ன வயதில் ஒரே பாயில் பக்கத்தில் கிடந்து கேட்ட குறட்டை. வெளியில், சனத்துக்கு நடுவில், மீன் மணக்கிற கையோடு பேபி நித்திரையாகிவிட்டாள்.

கிளடிஸ் தொடர்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த ரெலிபோன் சத்தம் போட்டு அவளை எழுப்பிவிடுமோ என்று பயம். மூச்சையும் மெல்ல விட்டாள். நேரம் போனது. ஓர்கன் வாசித்தது, பேபி நித்திரை கொண்டாள், கிளடிஸ் விழித்திருந்தாள்.

காதுக்குள் வேறு அழைப்பு வந்து இடித்தது. பார்த்தாள், றெமிஜியஸ். எடுக்கவில்லை. மறுபடி வந்தது. பிறகு எழுத்தில் வந்தது: பேபி எங்கை? வீட்டை ஒருத்தரும் இல்லை. அடுப்பு நூந்து கிடக்கு. எல்லாருக்கும் பசி.

கிளடிஸ் ஒரு விரலால் மெதுவாக எழுதினாள்.

மீன் பாதி வெட்டிக் கிடக்கு. தூள் சிவப்பு மூடிப் போத்திலிலை. காய்ச்சுங்கோ.

அனுப்பிவிட்டு, ரெலிபோனைத் திரும்பக் காதில் வைத்தாள். பேபி இன்னும் எழும்பவில்லை.